ரூத் சிம்மன்ஸ் போட்ட கமிட்டியின் அறிக்கை: அஞ்சுக்கு நாலு ஸ்டார்

பெண் துணைவேந்தர் என்றாலே நம் ஆட்கள் ‘முதல் பெண்’ என்று ஒரு வரி எழுதி, பதவிப் பட்டியலோடு முடித்துவிடுவார்கள். ரூத் சிம்மன்ஸுக்கும் பட்டியல் இருக்கிறது. டெக்சாஸ் குத்தகை விவசாயி வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகளில் கடைசி. 1995-இல் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரித் தலைவர் (நம் ஊர்த் துணைவேந்தர் மாதிரி). 2001-இல் பிரௌன் பல்கலைக்கழகத் தலைவர். ஐவி லீகில் (அமெரிக்காவின் எட்டுப் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களின் குழு) கறுப்பினத்தவர் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. வந்து என்ன செய்தார் என்று தெரிய வேண்டுமானால் ‘அடிமைமுறையும் நீதியும்’ அறிக்கையைப் படிக்கணும். பிரௌனுக்கும் அடிமை வியாபாரத்துக்கும் இருந்த தொடர்பைத் தோண்ட 2003-இல் கமிட்டி போட்டார், 2006-இல் அறிக்கை வந்தது. இணையத்தில் இலவசம்.

தொடக்கமே ஒரு பழைய கடிகாரம். பல்கலைக்கழகத்தின் முக்கியக் கட்டடத்தில் நிற்கிறது. அமெரிக்கக் கடற்படையின் முதல் தளபதி ஈசக் ஹாப்கின்ஸ் வீட்டுக் கடிகாரம் என்று அதில் தகடு பதித்திருக்கிறார்கள். அவரே 1764-இல் ‘சாலி’ என்ற அடிமைக் கப்பலுக்குக் கேப்டனாகப் போனவர் என்பது தகட்டில் இல்லை. கப்பலை அனுப்பியவர்கள் பிரௌன் சகோதரர்கள். பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த அதே குடும்பம். ஏற்றியது 196 ஆப்பிரிக்கர்களை. செத்தது குறைந்தது 109. கேப்டனின் கணக்குப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து தனியாகப் போட்டிருக்கிறார்கள். அடிமைக் கொள்முதலுக்கு நடுவிலேயே சாவுக் கணக்கும் வருகிறது: ஒரு பெண் கீழ்த்தளத்தில் தூக்குப் போட்டுக்கொண்டாள் என்று ஒரே வரி. சரித்திரம் நடத்துகிற எனக்கே அதற்கு மேல் அன்றைக்கு ஓடவில்லை.

அடிமைகளின் வம்சத்தில் வந்த சிம்மன்ஸ், அந்த பிரௌன் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய இடத்துக்குத் தலைவராக இருந்துகொண்டே இதைத் தோண்டச் சொன்னார். நன்கொடையாளர் முகம் சுளிப்பார் என்றால் ஒரு கல்வெட்டைக்கூடத் தொடாத நிர்வாகங்களை நான் பார்த்திருக்கிறேன். (எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், இன்னும் சர்வீஸில் இருக்கிறேன்.)

குறை இல்லாமல் இல்லை. நூறு பக்கத்துக்கு மேல். போனில் அடிக்குறிப்பு கண்ணுக்கே தெரியாது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பண்ணிக்கொள்வது நல்லது. பழைய அநீதிகளுக்கு இழப்பீடு தருவது பற்றி உலகம் சுற்றும் நடுப்பகுதி இழுவை, ஒரு ஸ்டார் அங்கேதான் போச்சு. ஆனால் கடைசியில் உள்ள பரிந்துரைகளைத் தள்ளிவிடாதீர்கள். பல்கலைக்கழகம் இருக்கும் பிராவிடன்ஸ் நகரப் பள்ளிகளுக்கு 1 கோடி டாலர் நிதி, வளாகத்தில் 2014-இல் வைத்த நினைவுச்சின்னம் எல்லாம் அதை ஒட்டி வந்தவைதான்.

எம்.ஏ. பிள்ளைகளுக்கு முதல் பகுதியையும் கணக்குப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.