உப்புக் காற்றில் 14 வருடம்: எங்கள் பழைய ஆல்ட்டோ

எங்கள் வீட்டு ஆல்ட்டோ 2008 மாடல். 2011-ல் மதுரையில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். அப்போது மீட்டரில் 31,000 கிலோமீட்டர், இன்று 1,58,000. வேலைக்கு நான் பஸ்ஸில்தான் போகிறேன், அதனால் வருடத்துக்கு ஒன்பதாயிரம் போலத்தான் ஓடுகிறது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை ஒரே ஒரு தடவை கழற்றியிருக்கிறது. அது என் தவறு, பின்னால் சொல்கிறேன். மற்றபடி காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது. ஏசி குளிர்கிறது. ஆயில் குடிப்பதில்லை.

வீடு வேதாளையில். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற வழியில் நிலம் ஒடுங்கிக்கொண்டே வந்து, வடகடலும் தென்கடலும் நடக்கிற தூரத்துக்கு வந்துவிடுகிற இடம். கச்சான் வீசினால் தெற்கிலிருந்து உப்பு வரும், வாடை வீசினால் வடக்கிலிருந்து வரும். எங்கள் பக்கம் கார் ஓடித் தேய்வதைவிட நின்று துருப்பிடிப்பதுதான் அதிகம்.

என் மச்சான் மதுரையில் இதே வருடத்து ஆல்ட்டோ வைத்திருக்கிறார். என் காரைவிட அறுபதாயிரம் கிலோமீட்டர் கூடுதலாக ஓடியது. வெயிலில் பானட்டும் கூரையும் வெளிறிப்போய்விட்டன. ஆனால் லிஃப்டில் ஏற்றி அடியில் பார்த்தேன், கம்பெனியில் அடித்த பெயின்ட் அப்படியே இருக்கிறது. என் கார் மேலே பார்க்க நன்றாக இருக்கும், அடியில் ஒட்டுப் போடாத இடம் குறைவு. மதுரைக்காரருக்கு எழுதிய பராமரிப்புக் குறிப்பு நமக்குப் போதாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

வீட்டில் கல் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிந்து நீர்விடுமே, காரில் நடப்பதும் அதுதான். கடல் உப்பில் சோடியம் குளோரைடோடு கொஞ்சம் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. முன்னது காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் நீர் இழுக்கும். பின்னதற்கு 33 சதவீதமே போதும். அதாவது நம் ஊரில் நல்ல வெயில் நாளிலும் அது ஈரமாகவே கிடக்கும். பகலில் தகட்டில் படிந்த உப்பு ராத்திரி பனி இறங்கியதும் கரைந்து மெல்லிய உப்புநீராகப் பரவும். கார் சும்மா நிற்கிற அந்த நேரத்தில்தான் துரு வேலை செய்கிறது.

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபம் முகாமில் நிலையம் அமைத்ததற்கும் இந்தக் காற்றுதான் காரணம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் மூட்டுகளை முழுக்க வெல்டிங் செய்து, கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வைத்து, மேலே தனிப் பூச்சு அடித்திருக்கிறார்கள். மூட்டு விஷயத்தைக் கவனியுங்கள். இரண்டு தகடு சேரும் சந்தில்தான் உப்பு போய் உட்காரும். காரிலும் அப்படித்தான்: கதவின் அடி மடிப்பு, சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவின் உள்விளிம்பு, படிக்கு அடியில் ஓடும் பட்டை, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கிற குழி. நடுப்பலகையில் துரு ஆரம்பித்து நான் பார்த்ததே இல்லை.

எனக்கு இதில் குரு பாம்பனில் போட் எஞ்சின் வேலை பார்க்கிற ஒரு அண்ணன். 2012-ல் அவரிடம் காரைக் காட்டியபோது எஞ்சினைப் பார்க்கவே இல்லை. குனிந்து மட்கார்டுக்குள் கையை விட்டு, விரலை வெளியே எடுத்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். "தம்பி, நாங்க அவுட்போர்டு மோட்டாரைக் கடல்லேருந்து தூக்கினா நல்ல தண்ணி ஓட விட்டுட்டுத்தான் வைப்போம். நீ தனுஷ்கோடி போய்ட்டு வந்து அப்படியே நிப்பாட்டிட்டுத் தூங்கப் போயிடுற" என்றார். பதினாலு வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆலோசனை அதுதான்.

நல்ல தண்ணீர் என்று அவர் சொன்னதில்தான் சிக்கல். எங்கள் போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். அதில் காரைக் கழுவினால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கும், கழுவியதற்குப் பலன் இல்லை. காவிரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைக்கிற ஊரில் காருக்குக் குழாய் போட்டு அடிக்கவும் மனசு வராது, நியாயமும் இல்லை. நான் கண்ட வழி, வயலுக்கு மருந்தடிக்கிற 16 லிட்டர் கைத் தெளிப்பான். புதிதாக வாங்கியது, மருந்து ஒரு தடவைகூட ஊற்றியதில்லை. அதன் நீண்ட குழல் காருக்கு அடியில் நன்றாக நுழையும். ஒரு தொட்டி தண்ணீரில் நாலு மட்கார்டின் உள்பக்கமும் படிக்கு அடியும் முன்னால் ரேடியேட்டர் வலையும் முடிந்துவிடும். மேலே உடம்புக்கு ஈரத் துணி போதும். மழை பெய்த பிறகு மாடித் தொட்டியில் பிடித்த தண்ணீர் இருந்தால் தாராளமாக அடிப்பேன். ஐப்பசியில் கனமழை பிடித்துவிட்டால் காரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து நிறுத்துவதும் உண்டு.

சாதாரண வாரத்தில் ஒரு தடவை போதும். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை போய்வந்தால் மட்டும் அன்றைக்கு ராத்திரிக்குள் அடித்தே ஆக வேண்டும். 2017-ல் அங்கே வரை சாலை போட்டதிலிருந்து வீட்டுக்கு வருகிற எல்லா உறவினருக்கும் அதுதான் முதல் ஆசை. ஆடி மாதக் கச்சானில் அந்தச் சாலையில் மணல் குறுக்கே பறக்கும், அலைத் தூவல் கண்ணாடியில் படிந்து வைப்பர் போட வேண்டியிருக்கும். விருந்தினரை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் காரை மணலுக்குள் இறக்கவோ கடல் தண்ணீர் தேங்கியதில் ஓட்டவோ யார் கேட்டாலும் நான் சம்மதிப்பதில்லை.

அடுத்து கதவு. 2013 மழைக்காலத்தில் பிரேக் போடும்போதெல்லாம் முன் கதவுக்குள் சளக் சளக் என்று சத்தம். உள்ளே தண்ணீர் நிற்கிறது. கண்ணாடி இறங்குகிற சந்து வழியாக மழைநீர் கதவுக்குள் போவது இயல்புதான், அது வடிய அடி விளிம்பில் சின்ன ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன், ஓட்டையே தெரியவில்லை. துடைப்பத்திலிருந்து தென்னை ஈர்க்கு ஒன்றை உருவி, விளிம்பைத் தடவிக்கொண்டே போய் ஒரு இடத்தில் குத்தினேன். முதலில் கறுப்புச் சேறு ஒரு சொட்டு. இன்னும் கொஞ்சம் திருகியதும் மணலும் மக்கிய வேப்பிலையும் கலந்த தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்கு ஊற்றியது. அண்ணன் செய்த மாதிரி நானும் விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. அந்தத் தண்ணீர் எத்தனை வாரம் அந்தத் தகட்டைத் தின்றுகொண்டிருந்ததோ என்று மனசு பதறிவிட்டது. கம்பியோ ஸ்க்ரூ டிரைவரோ விட்டால் ஓட்டையின் பெயின்ட் சுரண்டிப்போகும், ஈர்க்குதான் சரி. மாதம் ஒருமுறை நாலு கதவுக்கும் குத்துகிறேன். இரண்டு நிமிட வேலை.

இதே வேப்பிலை வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்திலும் அடைத்துக்கொள்ளும். அது அடைத்தால் தண்ணீர் உள்ளே கால் வைக்கிற இடத்துக்கு இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் பஞ்சு ஊறிக் கிடக்கும். காருக்குள் ஏறியதும் மக்கிய வாடை அடித்தால் வாசனைப் பொருள் வாங்காதீர்கள், கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்.

பணம் கொடுத்துக் கெட்டதும் உண்டு. 2015-ல் ஒரு கடையில் அடிப்பக்கத்துக்குக் கறுப்புப் பூச்சு அடித்தேன். காரைச் சரியாகக் கழுவவும் இல்லை, காயவிடவும் இல்லை, ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடிய மாதிரி ஆயிற்று. இரண்டு வருடம் கழித்து ஒரு இடத்தில் விரலால் அழுத்தினேன், பூச்சு அப்பளம் போல உடைந்து வந்தது. கூடவே செதில் செதிலாகத் துரு. முழுவதையும் சுரண்டி எடுக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

இப்போது அதை நானே செய்கிறேன், வருடத்தில் ஒருமுறை, பங்குனி வெயிலில். தெரிந்தவர் பட்டறையில் குழி இருக்கிறது, அங்கேதான். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் படுக்கவே கூடாது. நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவி, இரண்டு நாள் முழு வெயிலில் காயவிட்டு, உதிர்கிற துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, தகடு வெள்ளையாகத் தெரிந்த பிறகு அன்றைக்கே ரெட் ஆக்சைடு, அதாவது துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு. மறுநாள் வைத்தால் ராத்திரிப் பனியிலேயே மறுபடி பழுப்பு ஏறிவிடும். அதற்கு மேல் கறுப்புப் பெயின்ட், மடிப்புச் சந்துகளில் மட்டும் கொஞ்சம் கிரீஸ். சைலன்சர், பிரேக், ரப்பர் புஷ் எதிலும் படக்கூடாது. சிலர் பழைய எஞ்சின் ஆயிலை அடியில் அடிக்கிறார்கள். அது ரப்பரைக் கெடுக்கும், மழையில் சொட்டி மண்ணுக்கும் போகும்.

ஹெட் கழற்றிய கதைக்கு வருகிறேன். கார் வாங்கிய புதிதில் ரேடியேட்டரில் அளவு குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். 2012 சித்திரையில் உச்சிப்புளி தாண்டும்போது வெப்ப முள் ஏற ஆரம்பித்தது. வீடு பக்கம்தானே என்று நிறுத்தாமல் ஓட்டினேன். ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கேஸ்கெட் போய்விட்டது. கழற்றிய தெர்மோஸ்டாட்டை மெக்கானிக் கையில் கொடுத்தார், வெந்நீர்ப் பானைக்குள் படிந்த மாதிரி வெள்ளைப் பொருக்கு அதைச் சுற்றிப் பிடித்திருந்தது. ஒன்பதாயிரம் ரூபாய் செலவு. அன்றிலிருந்து கூலண்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுகிறேன். அவசரத்துக்கு ஊற்ற ஒரு லிட்டர் டிக்கியில் எப்போதும் இருக்கும். முள் ஏறினால் ஓரம் கட்டி எஞ்சினை அணைப்பது, முழுக்க ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்காமல் இருப்பது, இந்த இரண்டையும் வீட்டில் ஓட்டுகிற எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

எஞ்சின் விஷயத்தில் சொல்ல அதிகம் இல்லை. 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயிலும் ஃபில்டரும். 796 சிசி, மூன்று சிலிண்டர், பானட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும். பழைய ஆயிலை கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுவேன். எதிரே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா, அந்தக் கடலுக்கு நம் வீட்டு ஓடை வழியாக ஆயில் போகக்கூடாது. கச்சான் மாதங்களில் ஏர் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் தட்டுகிறேன், முற்றத்தில் மணல் கோடு விழும். டைமிங் பெல்ட், பிரேக், ஏசி கேஸ் மூன்றும் மெக்கானிக் வேலை, நான் தொடுவதில்லை.

பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையும் பூத்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் ஆறு மாதம் எட்டிப் பார்க்காது. கழற்றும்போது கறுப்பு வயர் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

நிறுத்துவதிலும் இரண்டு விஷயம் உண்டு. பிளாஸ்டிக் கவர் போடாதீர்கள். முதல் வருடம் போட்டேன். காற்றில் ஆடி உள்ளே போன மணல் பெயின்ட்டைத் தேய்த்தது, ஈரம் வெளியேறாமல் கூரையில் கொப்புளம் வந்தது. இப்போது பனையோலைக் கொட்டகை, நாலு பக்கமும் காற்றோட்டம். இன்னொன்று, நாலைந்து நாள் எடுக்கப் போவதில்லை என்றால் ஹேண்ட் பிரேக் போட வேண்டாம். இந்தக் காற்றில் பிரேக் டிரம் பிடித்துக்கொள்ளும். முதல் கியரில் போட்டு சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும்.

டயருக்கு எங்கள் ஊரில் எதிரி சீமைக்கருவேல முள். குத்தியது உடனே தெரியாது, இரண்டு நாளில் மெதுவாக இறங்கும். காலையில் வண்டி எடுக்குமுன் நாலையும் ஒரு பார்வை பார்ப்பது பழக்கமாகிவிட்டது. டயர் ஓரத்தில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் (டயரின் மேல் வெட்டுகள்) நன்றாக இருந்தாலும் அந்த வயதையும் பாருங்கள்.

2023-ல் 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தேன். 2022 ஏப்ரலிலிருந்து மத்திய அரசு கார்களுக்கான அந்தக் கட்டணத்தை 600-லிருந்து 5,000 ரூபாயாக்கிவிட்டது, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்குப் போகும் முன்பு டிங்கர் வேலை எதுவும் தேவைப்படவில்லை. போன வருடம் ஆயில், ஃபில்டர், கூலண்ட், பிரேக் வேலை, பெயின்ட் சாமான் எல்லாம் சேர்த்து நோட்டில் 11,400 ரூபாய் எழுதியிருக்கிறேன். புதுக் கார் என்றால் ஒன்றரை மாதத் தவணைக்குக்கூட வராது.

போன வாரம் தெளிப்பான் அடிக்கும்போது இடது பின் சக்கரத்துக்கு மேலே, உள்விளிம்பில், மிளகு அளவில் ஒரு கொப்புளம் பார்த்தேன். நகத்தால் கீறினால் அடியில் பழுப்பு. இப்போதைக்கு நல்ல தண்ணீரில் துடைத்து வாசலின் தடவி வைத்திருக்கிறேன். கச்சான் ஓய்ந்து, மழை பிடிப்பதற்குள் நடுவில் காய்ந்த நாள் நாலைந்து கிடைக்கும். உப்புத்தாளும் கால் லிட்டர் ரெட் ஆக்சைடும் வாங்கி வைத்தாயிற்று.