மூடியைக் கழற்றாமலே தீர்ந்த கோளாறு: திருகோணமலையில் வீடு வந்து செய்யும் ஒலியமைப்புத் திருத்தச் சேவை

மத்திய வீதியில் ரி.வி., அம்பிளிஃபையர் முதலியவற்றைத் திருத்தும் சிறு கடையொன்றில், கேட்டுக்கொண்டால் வீட்டுக்கும் வந்து வயர் இணைப்புகளைச் சரிபார்த்துத் தருகிறார்கள். உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டு ஒலியமைப்புக்கு அண்மையில் இந்தச் சேவையைப் பெற்றோம். வந்த திருத்துநரின் வேலையில் நான் மிகவும் மதிப்பது, அவர் அம்பிளிஃபையரின் மூடியைக் கழற்றவே இல்லை என்பதைத்தான்.

இடது ஒலிபெருக்கி கரகரத்து, மங்கி, சில வேளைகளில் முற்றாக ஓய்ந்துவிடும். பக்கத்து அலுமாரியைச் சற்று அசைத்தால் மீண்டும் பாடத் தொடங்கும். இதற்கு முன் வேறோர் இடத்தில் விசாரித்தபோது, செற்றைச் சோதித்துக்கூடப் பாராமல் உள்ளே ஐ.சி. எனும் மின்சுற்றுச் சில்லை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இவரோ மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அம்பிளிஃபையரின் பின்புறத்தில் இடது, வலது வயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தினார். கோளாறு அம்பிளிஃபையரில் இருந்தால் கரகரப்பு வலது ஒலிபெருக்கிக்குத் தாவியிருக்க வேண்டும். அது தாவாமல் இடப்பக்கத்திலேயே நின்றதால், குறை வயரிலோ ஒலிபெருக்கியிலோதான் என்பது சில நிமிடங்களில் உறுதியாயிற்று. செலவில்லாத இந்தச் சோதனையை யாரும் முதலில் செய்ய வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

ஒலிபெருக்கியின் பின்னாலிருந்து அவர் உருவியெடுத்த வயர் முனையில் செம்பு இழைகள் பச்சை பூத்துப் பொடிந்திருந்தன. அவர் பிளாஸ்டிக் உறையைச் சீவிக்கொண்டே போனார். ஒரு சாண் தூரம் போன பின்னும் உள்ளே கறுப்பாகவே இருந்தது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நகரில், வாடைக்காற்று உப்பையும் ஈரத்தையும் வீட்டுக்குள் கொண்டுவரும்போது, வெறுமையாக விடப்பட்ட செம்பு இப்படித்தான் ஆகும். அந்தப் பச்சைப் படிவு மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாததால், எஞ்சிய ஓரிரு இழைகள் தொட்டும் தொடாமலும் இருந்து கரகரப்பை உண்டாக்குகின்றன. அதைவிட ஆபத்தானது, பிரிந்த ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டுவிடுவது. அந்தக் குறுஞ்சுற்றில் அம்பிளிஃபையரின் வெளியீட்டு ட்ரான்சிஸ்டர்களே எரிந்துபோகக் கூடும்.

வயரை முழுவதும் மாற்ற முடிவு செய்தபோது அவர் இரண்டு வகைகளைக் காட்டினார். மலிவானதன் இழையை பிளேடால் சுரண்டியதும் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது: அலுமினியத்துக்கு மேலே செம்பு முலாம். அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு, வளைத்தால் எளிதில் ஒடியவும் செய்யும். முழுச் செம்பில் 1.5 சதுர மில்லிமீற்றர் வயரைத் தெரிந்தெடுத்தோம். 5 மீற்றர் தூரத்துக்கு, போகவரச் சேர்த்து அதன் தடை 0.12 ஓம் அளவே என்பதால், 8 ஓம் ஒலிபெருக்கிக்கு அதைவிடத் தடித்த, விலைகூடிய வயர் தேவையில்லை என்று அவரே சொன்னார். விற்பனையை மட்டும் எண்ணுபவர் அப்படிச் சொல்லமாட்டார்.

திருகாணி இறுக்கும் இடங்களில் வயர் முனைக்கு ஈயம் பற்றவைக்க வேண்டாம் என்பதும் அவருடைய கொள்கை. ஈயம் அழுத்தத்தின் கீழ் மெல்ல நசுங்கி, நாளடைவில் இறுக்கம் தளர்ந்துவிடும். அதனால் ஒலிபெருக்கிப் பக்கத்தில் 4 மில்லிமீற்றர் பனானா பிளக்கும், அம்பிளிஃபையரின் ஸ்பிரிங் கிளிப் பக்கத்தில் நசுக்கிப் பொருத்தும் உலோகப் பின்னும் போட்டார். பின்னர் 1.5 வோல்ற் பற்றரியை ஒலிபெருக்கி வயரில் ஒரு கணம் தொடுத்து, ஒலியெழுப்பும் அதன் கூம்பு முன்னே வருகிறதா, உள்ளே போகிறதா என்று பார்த்ததில், வலது ஒலிபெருக்கியில் நேர், எதிர் முனைகள் நெடுநாளாக மாறியிருந்தது தெரியவந்தது. அதைத் திருத்திய பின், மெலிந்து கேட்ட மிருதங்கத்தின் தொப்பி, அதாவது அதன் தாழ்ந்த ஒலிப் பக்கம், நிறைவாக எழுந்தது; பாடகரின் குரலும் இரு பெட்டிகளுக்கும் நடுவில் வந்து நின்றது. இதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

குறைகளும் உண்டு. சீ.டி. பிளேயரிலிருந்து வரும் ஆர்.சி.ஏ. வயரின் வெளி வளையம் தளர்ந்து, நில இணைப்பு விட்டுப்போய் இரைச்சல் கேட்டது. அதை அவர் குறட்டால் மெதுவாக நெருக்கி இறுக்கினார். இப்போதைக்கு இரைச்சல் இல்லையென்றாலும், புதிய வயரே போட்டிருக்கலாம். கையில் அந்த நீளத்துக்கு வயர் இருக்கவில்லை. கூலியையும் பொருட்களின் விலையையும் வெவ்வேறாகச் சொன்னபோதிலும் எழுத்தில் பற்றுச்சீட்டுத் தரவில்லை. கேட்டு வாங்குவது நல்லது. வாடை தொடங்கிய பின் அழைப்புகள் கூடிவிடுமாம். ஆகவே செப்டெம்பரிலேயே நாள் பேசிக்கொண்டு, அவர் வருமுன் ஒலிபெருக்கிகளின் பின்புறத்தில் கை நுழையுமளவு இடம்விட்டு வைத்தால் வேலை விரைவில் முடியும்.