கோலாலம்பூரில் கல்யாண பேக்கேஜ் புக் பண்ணப் போகிறவர்கள் கவனத்துக்கு

தங்கை கல்யாணம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன வாரம் ஒன்று நடந்தது. அதற்குப் பிறகு சும்மா இருக்க மனசு வரவில்லை. பேக்கேஜ் என்று சொல்லி எங்களை ஏமாற்றிய ஆளின் பெயரையும் கடையின் பெயரையும் போடவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை என்பதால். ஆனால் நடந்தது அத்தனையும் சொல்கிறேன். இப்போது கல்யாண வேலை ஆரம்பித்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் எடுத்துச் செய்தது நான்தான். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. மண்டபம் செந்தூல் பக்கம் கிடைத்தது, சாப்பாட்டுக்கு அம்மாவுக்குப் பழக்கமான கேட்டரிங்காரர். இந்த இரண்டிலும் ஒரு குறை சொல்ல முடியாது. மீதி இருந்தது மணவறை, வாசல் அலங்காரம், மேக்கப், போட்டோ, வீடியோ. வேலைக்கும் போய்க்கொண்டு ஐந்து பேரைத் தேடி அலைய முடியாது என்று நினைத்தேன். அப்போதுதான் டிக்டாக்கில் இந்த ஆள் கண்ணில் பட்டார். எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ், 14,800 வெள்ளி (ரிங்கிட்), "நீங்க வெறும் கையை வீசிக்கிட்டு வந்தா போதும் சிஸ்" என்றார்.

ஜாலான் ஈப்போவில் மாடிக் கடை ஒன்றுக்கு வரச் சொன்னார். ஏசி, சோபா, பெரிய திரையில் படங்கள். பதினைந்து வருஷ அனுபவம் என்றார். ஒவ்வொரு மணவறையும் கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி இருந்தது. தங்கைக்குத் தாமரை வைத்த ஒன்று ரொம்பப் பிடித்துவிட்டது. அன்றைக்கே 4,800 முன்பணம் கட்டினோம். ஆவணி மாதம் அது.

அந்தப் படத்தை இப்போது எடுத்துப் பார்த்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது. மணவறைக்குப் பின்னால் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் தெரிகிறது. வட்டத் துளை. நம் ஊரில் எந்த மண்டபத்தில் வட்டத் துளை பிளக் இருக்கிறது? நீள்சதுரத் துளைதானே! இந்தியாவில் எடுத்த படம் அது. பிறகு கூகுள் லென்ஸில் போட்டபோது கோயம்புத்தூர் அலங்காரக்காரர் ஒருவரின் பக்கத்துக்கு நேராகப் போய் நின்றது. ஒரு நிமிஷ வேலை. கட்டுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியது.

கார்த்திகை கடைசியில் அவரிடமிருந்து போன். தை பிறந்தால் பூ விலை ஏறிவிடும், மீதி 10,000த்தை மார்கழிக்கு முன்னாலேயே கட்டினால் 1,000 குறைத்துக்கொள்கிறேன் என்றார். கல்யாணச் செலவில் ஆயிரம் வெள்ளி மிச்சம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? 9,000 அனுப்பினேன். அனுப்பும்போது கணக்கில் யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டேன். "பார்ட்னர் அக்கவுண்ட் சிஸ், பயப்படாதீங்க" என்றார். ஆக முகூர்த்தத்துக்கு ஆறு வாரம் முன்பே மொத்தப் பணமும், 13,800, அவர் கையில். எங்கள் கையில் ஒரு ரசீது மட்டும்.

முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒன்பது. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வரவேண்டிய லாரி பதினொன்று இருபதுக்கு வந்தது. நான்கு பையன்கள் இறங்கினார்கள். இறங்கியவர்கள் பின்கதவைத் திறக்கவில்லை. அவர்களில் மூத்தவன் என்னிடம் வந்து, "அக்கா, பாலன்ஸ் 2,200 நீங்க கொடுப்பீங்கன்னு பாஸ் சொன்னாரு. கொடுத்தாத்தான் இறக்குவோம்" என்றான்.

எனக்குக் கை கால் ஆடிவிட்டது. முழுப் பணமும் கட்டியாச்சு தம்பி என்று ரசீதைக் காட்டினேன். அவன் தன் போனை எடுத்து அவனுக்கு வந்த வாட்ஸ்அப்பைக் காட்டினான். எங்கள் மணவறை வேலையை அந்த ஆள் இவனுக்கு 3,200 வெள்ளிக்குப் பேசி, 1,000 மட்டும் அனுப்பியிருக்கிறார். எங்களிடம் கொடுத்த இன்வாய்ஸில் அதே மணவறைக்கு 6,500. "எங்க மேல கோவப்படாதீங்க அக்கா, போன வாரம் ரெண்டு கல்யாணத்துக் காசே இன்னும் வரல" என்றான். அந்தப் பையன் பொய் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பாஸுக்குப் போன் அடித்தோம். நானும் அடித்தேன், அவனும் அடித்தான். எடுக்கவே இல்லை. கடைசியில் மாமாவும் சித்தப்பாவும் பையில் இருந்ததைப் போட்டு, மீதிக்குப் பெட்ரோல் பங்க் ஏடிஎம்முக்கு ஓடி, நள்ளிரவு தாண்டிப் பணம் கொடுத்த பிறகுதான் லாரிக் கதவு திறந்தது.

உள்ளே இருந்ததைப் பார்த்ததும் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தாமரை இல்லை. பிளாஸ்டிக் ரோஜா, வெள்ளையாக இருந்து பழுப்பானது. இதழ் ஓரமெல்லாம் நூல் பிரிந்து தொங்கியது. தொட்டால் விரலில் தூசி. பின்பலகையில் வேறொரு ஜோடியின் பெயர் எழுத்துகளைப் பிய்த்தெடுத்த பசைத் தடம் அப்படியே இருந்தது. தூண் நான்கில் மூன்றுக்குத்தான் பூ போதும். நாலாவது, இடப்பக்கம் முன்னால் நிற்பது, மொட்டையாக நின்றது. இன்வாய்ஸை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "பூ அலங்காரம்" என்று மட்டும்தான் போட்டிருந்தது. நிஜப் பூ என்று எங்கேயும் இல்லை. படத்தில் இருப்பது போல என்றும் இல்லை. பேச்சில் சொன்னது எதுவும் தாளில் இல்லை.

அன்று எங்களைக் காப்பாற்றியது மாமாதான். எஸ்டேட்டில் பந்தல் போட்டு வளர்ந்தவர். வீட்டு வாசல் பந்தலுக்காகக் கிள்ளானிலிருந்து கொண்டுவந்த தென்னை ஓலையில் பாதி மீதி இருந்தது. அதை எடுத்துவந்து இரண்டு மணி வரை உட்கார்ந்து குருத்தோலைத் தோரணம் பின்னினார். சித்தப்பா பையன்கள் மேடை முன்னால் கட்டினார்கள். மாலைக்குச் சொல்லியிருந்த பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை அக்காவுக்கு அந்நேரத்தில் போன் போட்டு அழுதேன். அவர் கடையில் இருந்த கேமரன் மலைச் செவ்வந்தி இரண்டு பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு மூன்றரைக்கு வந்து, தானும் உட்கார்ந்து கட்டினார். அப்படியும் அந்த இடப்பக்கத் தூணுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மா மாற்றிக் கட்டுவதற்கு வைத்திருந்த பச்சைப் பட்டைக் கொடுத்தார். கருஞ்சிவப்புக் கரை போட்டது. அதை மடிப்பு மடிப்பாகத் தூணில் சுற்றிக் குண்டூசி குத்தினோம்.

மேக்கப்புக்கு நாலு மணிக்கு வரவேண்டியவர் ஐந்து நாற்பதுக்கு வந்தார், அதுவும் ட்ரையல் போட்டவர் இல்லை, வேறு பெண். போட்டோ எடுத்த இரண்டு தம்பிகளும் பதினொரு மணிக்கே பெட்டியைக் கட்டிவிட்டார்கள். அவர்களுக்குப் பேசிய நேரம் அவ்வளவுதானாம். அவர்களுக்கும் பணம் போகவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆல்பம் கேட்டு மூன்று மாதம் அலைந்து, கடைசியில் அந்தத் தம்பியையே தேடிப் பிடித்து 900 வெள்ளி நேரடியாகக் கொடுத்துப் படங்களை வாங்கினேன். அவன் செய்தது தப்பு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உழைத்தவனுக்குக் கூலி வரவில்லை, அவன் கையில் இருந்தது அந்தப் படங்கள் மட்டும்தான்.

இந்தத் தொழிலில் எங்களை ஏமாற்றிய ஆள் பூ கட்டுகிறவரும் இல்லை, படம் எடுக்கிறவரும் இல்லை. சோபாவும் திரையும் வைத்துக்கொண்டு ஆர்டர் எடுக்கிறவர், அவ்வளவுதான். நேர்மையாகச் செய்கிற ஏற்பாட்டாளர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் யாரிடம் புக் பண்ணினாலும் ஒன்றைக் கேளுங்கள்: அன்று காலையில் என் மண்டபத்தில் வந்து நிற்கப் போவது யார்? மணவறை கட்டுபவர், மேக்கப் போடுபவர், கேமரா பிடிப்பவர் ஒவ்வொருவரின் பெயரும் போன் எண்ணும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். புக் பண்ணும் முன்பே அவர்களிடம் பேசிவிடுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் சிஸ்" என்று மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். மீதிப் பணத்தில் ஒரு பங்காவது மணவறை நின்ற பிறகு கொடுப்பதாக எழுதி வாங்குங்கள். முடிந்தால் அவர்கள் இந்த மாதம் செய்கிற ஏதாவது ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு மண்டபத்துக்கே போய்ப் பாருங்கள். ஆல்பத்தில் தெரியாதது எல்லாம் அங்கே தெரியும்.

அப்புறம் எஸ்எஸ்எம் எண், அதாவது கம்பெனிகளையும் வியாபாரங்களையும் பதிகிற மலேசிய ஆணையம் கொடுக்கும் எண். எங்கள் இன்வாய்ஸிலேயே இருந்தது, நான்தான் பார்க்கத் தெரியாமல் பார்த்தேன். 2019 அக்டோபருக்குப் பிறகு வந்த புதிய பதிவு எண்ணில் 12 இலக்கம். முதல் நான்கு இலக்கமும் பதிவு செய்த ஆண்டு. பழைய வியாபாரங்களுக்கும் அவை பதிந்த ஆண்டே வரும். அடுத்த இரண்டு இலக்கம் என்ன வகை என்று சொல்லும்: 01 என்றால் கம்பெனி, 03 என்றால் சாதாரண வியாபாரப் பதிவு. பதினைந்து வருஷ அனுபவம் என்றவரின் எண் 2023 என்று ஆரம்பித்தது! பணம் அனுப்பும் முன் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் போலிஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள், புகார் வந்திருந்தால் காட்டும். புகார் இல்லை என்பதாலேயே நல்லவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்கு வேறு யார் பெயரிலாவது இருந்தால், எவ்வளவு நல்ல காரணம் சொன்னாலும், அனுப்பாதீர்கள்.

பணம் போனது உடனே தெரிந்துவிட்டால், மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அடிக்க வேண்டும். எங்களுக்கு அதற்கான நேரம் எப்போதோ கடந்துவிட்டது. போலிஸில் ரிப்போர்ட் கொடுத்தேன். பாதி வேலை நடந்திருக்கிறது, இது சிவில் விவகாரம் என்று சொல்லி, பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொன்னார்கள்.

அங்கே போனது நல்லதாகப் போயிற்று. நம் ஆட்களில் பலருக்கு இந்த இடம் இருப்பதே தெரியவில்லை என்பதால் விவரமாகச் சொல்கிறேன். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் அமைந்தது. மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை எடுத்துக்கொள்வார்கள். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வேண்டாம், நீங்களே பேசலாம். மூன்று வருஷத்துக்குள் பதிய வேண்டும். பதிந்த படிவத்தை எதிராளிக்கு நாம்தான் சேர்ப்பிக்க வேண்டும், அதனால் அவருடைய சரியான முகவரி கையில் இருக்க வேண்டும். இங்கேதான் நான் தடுமாறினேன். மாடிக் கடை காலியாகிவிட்டிருந்தது. எஸ்எஸ்எம்மில் பணம் கட்டி விவரம் எடுத்து, அதிலிருந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் தேதியோடு அச்செடுத்துக்கொண்டு போனேன். லாரித் தம்பி தன் போனில் வந்த செய்தியை எனக்கு அனுப்பியிருந்தான், அதுவும் உதவியது. எதிராளி வரவில்லை. வராவிட்டாலும் விசாரித்து உத்தரவு போடலாம், போட்டார்கள்: 6,900 வெள்ளி திருப்பித் தர வேண்டும். 14 நாளுக்குள் கொடுக்காவிட்டால் அது குற்றமாகிவிடும். 10,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு வருஷம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். நாள் கடந்துவிட்டது, ஒரு காசு வரவில்லை. அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் சித்தப்பா மகள் ஒரு லிங்க் அனுப்பினாள். புதுப் பெயரில் ஒரு பக்கம், அதே ஆளின் குரல், அதே "சிஸ்". தையில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்குச் சலுகை விலையாம். அங்கே அவர் செய்த வேலை என்று போட்டிருக்கும் படங்களில் ஒன்று என் தங்கையின் மணவறை. மாமா பின்னிய தோரணம், பூக்கடை அக்கா கட்டிய செவ்வந்தி, எல்லாம் அதில் இருக்கிறது. தங்கையையும் மாப்பிள்ளையையும் மட்டும் வெட்டிவிட்டிருக்கிறார்.

யாராவது உங்களை உட்காரவைத்து இந்தப் படத்தைக் காட்டினால் இடப்பக்கம் முன்தூணைப் பாருங்கள். இடுப்புக்குக் கீழே பச்சைப் பட்டு, கருஞ்சிவப்புக் கரை. அது எங்கள் அம்மாவின் சேலை. பணம் கட்டாமல் வந்துவிடுங்கள்.