உக்கிய சுவர்க்கால்: எபொக்சி அடைப்பதா, ஒட்டுப் போடுவதா?

நுவரெலியா, ஹட்டன் பக்கத்துப் பழைய வீடுகளில் அறை பிரிக்கும் பலகைச் சுவர்களைத் தாங்கும் மரக்கால்கள் பெரும்பாலும் அடியிலிருந்துதான் உக்கும். பெயிண்ட் குமிழ்விட்ட இடத்தில் ஸ்குரூ டிரைவர் நுனியைக் குத்திக் கிளப்பிப் பாருங்கள். நல்ல மரம் நீளச் சிம்பாக உரியும். உக்கியது குறுக்கே பொட்டென்று முறியும்.

முழுக்காலும் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும், அதில் பேச ஒன்றுமில்லை. அடியில் ஒரு முழம் மட்டும் போயிருந்தால்தான் யோசனை.

எபொக்சி, அதாவது இரண்டு கலவையைச் சேர்த்ததும் இறுகும் பசை, சுலபம். உக்கலைச் சுரண்டி அடைத்தால் போதும், சுவரைப் பிரிக்க வேண்டாம். ஜன்னல் நிலையில் விழுந்த சிறு பள்ளத்துக்கு அது நல்ல மருந்து. சுவர்க்காலின் அடிக்கு நான் ஒட்டுப் போடுவதைத்தான் சொல்வேன், அதாவது உக்கிய அடியை வெட்டியெடுத்துப் புது மரத்துண்டை இணைப்பது. காரணம் ஈரம்.

மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் அதை உக்கவைக்கும் பூஞ்சணத்துக்கு வழி திறக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை மழையும் மூடுபனியுமாக இருக்கும் மலையில் அடிமரம் லேசில் காயாது. ஈர மரத்தில் எபொக்சி பிடிக்காது; குளிரில் இறுகவும் சுணங்கும். பிடித்தாலும், மரம் ஊதிச் சுருங்கும்போது அது கூடவே அசையாது. விளிம்பில் மயிரிழை வெடிப்பு விழுந்து, இறங்கிய தண்ணீர் அடைப்பின் பின்னால் தங்கிவிடும். வெளியே பெயிண்ட் வழவழவென்றிருக்கும், உள்ளே உக்கிக்கொண்டிருக்கும்.

ஒட்டுப் போடுவதற்கு முதலில் ஒழுக்கை நிறுத்துங்கள். பாரத்தை ஜாக்கில் தாங்கவிட்டு, உக்கல் முடிந்த இடத்துக்கு மேலே ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள். 4 அங்குலக் காலென்றால், பழைய காலிலும் புதுத் துண்டிலும் 12 அங்குல நீளத்துக்காவது பாதித் தடிப்பைச் செதுக்கி ஒன்றோடொன்று பொருத்தி, துருப்பிடிக்காத ஸ்குரூ 4 போடுங்கள். வைரம் பாய்ந்த பலா நல்லது. தேயிலைக்கு நிழல் தரும் சபுக்கு மலிவு, ஆனால் ஈரத்தில் நிற்காது.

பூஞ்சணத்தைத் தடுக்க, 1 லீட்டர் சுடுநீரில் போராக்ஸ் 60 கிராம், போரிக் அமிலம் 40 கிராம் கரைத்து, பழைய மரத்துக்கும் புதியதற்கும் 3 தரம் பூசுங்கள். வெட்டுமுகத்தை ஊறவிடுங்கள். இந்த மருந்து ஈரத்தோடு மரத்துக்குள் ஊர்ந்து போகும், நம்ம ஊருக்கு அது வசதி. ஆனால் ஒழுக்கு இருந்தால் அதே தண்ணீரோடு கழுவுப்பட்டும் போகும்.

மரக்காலின் அடியில் தார்ஃபெல்ட் (தார் ஊறிய, தண்ணீர் புகாத விரிப்பு) துண்டு வையுங்கள். சுற்றிச் சீமெந்து பூசிவிடாதீர்கள், தண்ணீர் தேங்கக் கிண்ணம் கட்டியதாகிவிடும். அடிப்பலகையை ஆணியடிக்காமல் ஸ்குரூவில் பூட்டினால், மழை விட்டதும் கழற்றி ஒரு குத்துக் குத்திப் பார்க்கலாம்.