எல்லா டேப்புக்கும் ஒரே சாவியா, டேப்புக்கு ஒரு சாவியா: அழிக்கும்போது எது கைகொடுக்கிறது

பேக்கப் எடுத்து வைக்கும் காந்த டேப்புகளில் ஒரு வகை எல்டிஓ. 2007-இல் அதன் நான்காம் தலைமுறையான எல்டிஓ-4 வந்ததிலிருந்து, டேப்பில் எழுதும் டிரைவே தரவை ஏஇஎஸ்-256 என்ற முறையில் குறியாக்கம் செய்துவிட முடிகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிட முடிகிறது. அதை இயக்கும் நாளில் எல்லோருக்கும் இருக்கும் ஒரே பயம், சாவி தொலைந்துவிடக் கூடாதே என்பது. எங்களுக்கும் அப்படித்தான். வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்த டேப்புகளை இனி யாராலும் படிக்க முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னபோதுதான், சாவியை எப்படிப் பிரித்து வைத்திருக்க வேண்டும் என்பதே எங்களுக்கு உறைத்தது.

வழிகள் மூன்று: எல்லாவற்றுக்கும் ஒரே சாவி, காலாவதியாகும் ஆண்டுக்கு ஒரு சாவி, டேப்புக்கு ஒரு சாவி. நாங்கள் முதலாவதில் தொடங்கி மூன்றாவதுக்கு வந்தவர்கள். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

டேப்பையே அழித்துவிடலாமே என்றால், அழிக்கலாம். ஆனால் 12 டெராபைட் எல்டிஓ-8 டேப்பை நொடிக்கு 360 மெகாபைட் வேகத்தில் மேலெழுதினாலும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். காந்தத்தால் அழித்தால் டிரைவுக்கு வழிகாட்டும் சர்வோ தடங்களும் போய்விடும், டேப்பைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. வேறு ஊர்க் கிடங்கில் இருக்கும் டேப்பையோ, வழியில் காணாமல்போன டேப்பையோ இரண்டு வழியிலும் தொடவே முடியாது. சாவியை அழித்தால் அதுவும் செல்லாக்காசு.

ஆண்டுச் சாவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் நாற்பது டேப்பில் ஒன்றை மட்டும் வழக்குக்காக வைத்திருக்கச் சொன்னால், மற்ற முப்பத்தொன்பதும் அதோடு சேர்ந்து உயிரோடு இருக்கும். விதிவிலக்கே வராத இடத்துக்குப் பொருந்தும்.

ஒரே சாவியில் எங்களை மாட்டவைத்தது அதன் பிரதிகள். அமெரிக்கத் தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டி 2014-இல் வெளியிட்ட, தரவு அழிப்புக்கான வழிகாட்டி எஸ்பி 800-88 திருத்தம் 1, சாவியை அழித்துத் தரவை அழிப்பதை ஏற்றுக்கொண்டது. அதற்கு எழுதிய முதல் நாளிலிருந்தே தரவு குறியாக்கத்தில் இருந்திருக்க வேண்டும். சாவியின் எல்லாப் பிரதிகளும் கணக்கில் வந்து ஒழிய வேண்டும். எங்கள் சாவிக்கு வயது ஐந்து. தேடப் போனோம். பேக்கப் சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒன்று, பெட்டகத்தில் சீல் வைத்த உறையில் ஒன்று, மாற்று மையத்தில் ஒன்று. மீட்புப் பயிற்சியின்போது யாரோ மின்னஞ்சலில் இணைத்து அனுப்பியது ஒன்று. அந்தச் சர்வரையே டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்த பிரதிகளில் எத்தனையோ. இதைவிட மோசம், அந்தச் சாவி ஒரு கடவுச்சொற்றொடரிலிருந்து உருவானது. சொற்றொடர் தெரிந்த யாரும் அதே சாவியைத் திரும்பச் செய்துகொள்ளலாம். தெரிந்தவர்களில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய் வருடங்களாகின்றன. மனதில் இருப்பதை எந்தக் கட்டளையால் அழிப்பது? கடைசியில் டேப்புகளை அரைவைக்கு அனுப்பினோம்.

பல வருடம் புழங்கும் சாவிக்குப் பிரதிகள் பெருகத்தான் செய்யும், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. டேப்புக்கு ஒரு சாவி என்றால் அதை மனிதர் யாரும் கையில் எடுக்கவே தேவையில்லை. புதிதாக எழுதத் தொடங்கும்போது டேப்புகளைத் தானே மாற்றிப் போடும் டேப் லைப்ரரி, சாவிகளைப் பரிமாறுவதற்கான பொது நெறிமுறையான கேஎம்ஐபி வழியாகச் சாவி மேலாண்மை சர்வரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. டேப்பில் பதிவாவது எந்தச் சாவி என்ற அடையாளம் மட்டும்தான். (ஐபிஎம்மின் 3592 வகை டேப்புகளில் தரவுச் சாவியை இன்னொரு சாவியால் பூட்டி டேப்பிலேயே வைக்கும் முறை உண்டு. அங்கே அந்தப் பூட்டும் சாவியைத்தான் பிரித்து வைக்க வேண்டும்.) ஆகவே சாவி இருக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணலாம்: தரவுத்தளம், அதன் இணைப்பிரதி, தினசரி ஏற்றுமதிக் கோப்பு. முதல் சுற்றில் நான்காவதாக ஒன்றைத் தவறவிட்டோம். அந்தச் சர்வர் மெய்நிகர் இயந்திரம் (மென்பொருளுக்குள் ஓடும் கணினி), அதன் அப்போதைய நிலையை அப்படியே நகலெடுத்து வைத்த ஒரு மாதப் பழைய ஸ்னாப்ஷாட்டில் அழித்த சாவிகள் அப்படியே இருந்தன. இப்போது அதற்கு ஸ்னாப்ஷாட் எடுப்பதையே தடுத்துவிட்டோம்.

ஏற்றுமதிக் கோப்புகளை 35 நாள் வைக்கிறோம். அதனால் அழிப்புச் சான்றில் நாங்கள் போடும் தேதி கட்டளை கொடுத்த நாள் அல்ல, அந்தச் சாவி இருந்த கடைசிக் கோப்பும் காலாவதியான நாள். அழிப்பதற்கு முன்னும் ஒரு படி உண்டு. கேஎம்ஐபி-யில் செயலில் உள்ள சாவியை நேரடியாக அழிக்க முடியாது, முதலில் செயலிழக்கச் செய்ய வேண்டும். அந்த நிலையில் புதிதாக எழுத முடியாது, பழையதைப் படிக்கலாம். அப்படியே 60 நாள் விட்டுவைத்து, யாராவது அந்தச் சாவியைக் கேட்கிறார்களா என்று சர்வரின் நிகழ்வுப் பதிவான லாகைப் பார்க்கிறோம். ஒருமுறை கேட்டார்கள். நல்லவேளை, அழித்திருக்கவில்லை.

குறைகளும் உண்டு. சாவி சர்வர் படுத்தால் மீட்பும் படுத்துவிடும். புதுச் சாவி உருவாகி, ஏற்றுமதி ஆகும் முன் சர்வர் செத்தால் அந்த டேப் வெறும் பிளாஸ்டிக். அதனால் ஏற்றுமதி முடியாமல் எந்த டேப்பையும் வெளியே அனுப்புவதில்லை. அப்புறம், வெளியூர்ப் பிரதிக்குத் தனிச் சாவி என்பதால் இரண்டையும் சேர்த்து அழிக்க நினைவு வேண்டும். பார்கோடுகளை இணைத்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம்.

என் அனுபவம் இருநூறு சொச்சம் டேப்புகளோடு இரண்டு வருடம், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் டேப் புழங்கும் இடத்தில் இந்தப் பட்டியல் வேலை எவ்வளவு கனக்கும் என்று அனுபவத்தில் பார்த்ததில்லை. சாவிகளுக்கென்றே தனி வன்பொருள் வைத்தும் நான் ஓட்டியதில்லை.

பழைய ஒரே சாவியில் எழுதியவற்றில் பதினொரு டேப்புகள் இன்னும் ஒரு வழக்குக்காகக் காத்திருக்கின்றன. அது முடிந்ததும் அவற்றையும் அரைவைக்குத்தான் அனுப்புவோம்.