அரைக் குதிரை குறைகிறது: ஒன்றரை டன் ஏசியோடு ஆறு வருடம்

போன வாரம் அவுட்டோர் யூனிட்டைப் பிரித்தபோது போர்டின் மேல் ஒரு பல்லி கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் அதை ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டிக் காட்டி, "இதுதான் சார் உங்க எட்டாயிரத்து ஐந்நூறு" என்றார். புது போர்டை மாட்டிவிட்டுக் கிளம்பும்போது, "மொட்டை மாடி வெயில் நேரா இறங்குது. ஒன்றரை டன் பத்தாது, அடுத்த தடவை ரெண்டு டன்னாப் போடுங்க" என்று ஒரு யோசனையையும் இலவசமாகத் தந்தார்.

அன்று இரவே மலேசியாவின் கிள்ளானிலிருந்து சித்தப்பா மகனின் அழைப்பு. "அண்ணே, உங்க வீட்டு ஏர்கோன் ஒன்றரைதானே? நானும் ஒன்றரை ஹெச்பி வாங்கிடட்டுமா?"

அதுவும் ஒன்றரை, இதுவும் ஒன்றரை. ஆனால் அவன் ஒன்றரை வேறு, என் ஒன்றரை வேறு. ஆறு வருடமாக எனக்குள் புகைந்துகொண்டிருந்த எரிச்சல் அன்றைக்குத்தான் முழுசாகப் பற்றிக்கொண்டது. கூலிங், சத்தம், ஃபில்டர் கழுவுவது பற்றியெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அளவுச் சண்டையை.

மலேசியாவில் ஏசியை ஹெச்பியில், அதாவது குதிரைத்திறனில் விற்கிறார்கள். அங்கே 1 ஹெச்பி என்று விற்பது மணிக்கு சுமார் 9,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் பழைய அலகு) வெப்பத்தை வெளியேற்றும் இயந்திரம். 1.5 ஹெச்பி என்றால் சுமார் 12,000 பிடியூ. நம்மூரில் அந்த 12,000-க்குப் பெயர் ஒரு டன். ஆக, என்னுடைய ஒன்றரை டன்னுக்கு இணையாக அவன் வாங்க வேண்டியது 2 ஹெச்பி. இலங்கையில் இந்தக் குழப்பமே இல்லை, நேராக 12,000, 18,000 என்று பிடியூவிலேயே கேட்டு வாங்குகிறார்கள். புண்ணியவான்கள்.

ஹெச்பி என்றால் என் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். கிணற்று மோட்டார் 5 ஹெச்பி, அவ்வளவுதான், அதில் பேச்சே கிடையாது. ஜேம்ஸ் வாட் வைத்த கணக்குப்படி ஒரு குதிரைத்திறன் என்பது நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை, வாட்டில் 746. அந்த வேலை முழுவதும் சூடாக மாறினால் எவ்வளவு வெப்பம் என்பதற்கு 1840-களில் வழி காட்டியவர் மான்செஸ்டர்காரர் ஜூல். எடைகளை இறங்கவிட்டு, அதனால் சுழலும் துடுப்பைத் தண்ணீருக்குள் வைத்து, தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பொறுமையாக அளந்தார். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடேற்ற, அதாவது ஒரு பிடியூவுக்கு, 772 அடி-பவுண்டு வேண்டும் என்றார். இன்றைய கணக்கு 778. 33,000-ஐ அறுபதால் பெருக்கி 778-ஆல் வகுத்துப் பார்த்தால் ஒரு குதிரைத்திறன் மணிக்கு 2,545 பிடியூதான் வருகிறது. கடையில் விற்கும் "1 ஹெச்பி"யோ 9,000!

பொய் என்று சொல்லிவிட முடியாது. ஏசி சூட்டை உண்டாக்குவதில்லை, உள்ளே இருப்பதை அள்ளி வெளியே கொட்டுகிறது. ஒரு பங்கு மின்சாரம் தின்று மூன்று, மூன்றரைப் பங்கு சூட்டை நகர்த்தும். கம்ப்ரஸர் மோட்டாரின் அளவைச் சொன்ன பழக்கம் அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது. ஆனால் மோட்டாரில் ஹெச்பி என்பது வெளியே வரும் வேலை. ஏசியிலோ அது வெளியே தள்ளும் சூடும் இல்லை, உள்ளே போகும் கரண்டு என்றும் நம்ப முடியாது.

டன் கதை இன்னும் வேடிக்கை. வாங்கி வந்த அன்று அம்மா, "ஒன்றரை டன்னா? செவுரு தாங்குமாடா?" என்றார். சிரித்தேன். ஆனால் அது நிஜமாகவே எடைதான். 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் இழுக்குமோ அதுதான் ஒரு டன். பவுண்டுக்கு 144 பிடியூ என்று பெருக்கி 24-ஆல் வகுத்தால் சரியாக 12,000. அமெரிக்காவில் ஐஸ் வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலத்தின் மிச்சம் இது. பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமிக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்னும் மெரினா எதிரே நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் படுக்கையறைச் சுவரில் 1,360 கிலோ ஐஸ் தொங்குவதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது.

சரி, தொங்குகிறதா? இங்கேதான் என் வழக்கு. ஒன்றரை டன் என்றால் 5,275 வாட். என் ஏசியின் ஸ்டார் லேபிளில் முழு கூலிங் திறன் 4,900 வாட் என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். ஒரு டன்னுக்கு 3,517 வாட் என்று வகுத்தால் 1.39 டன். குறைவது 375 வாட், கிட்டத்தட்ட அரைக் குதிரை. அதுவும் வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி வைத்துச் சோதித்த எண். மே மாதம் 40-ஐத் தொடும்போது இன்னும் இறங்கும். கடையில் கேட்டதற்கு, "எல்லாமே அப்படித்தான் சார், டன்னுங்கறது சட்டை சைஸ் மாதிரி" என்றார் விற்பனைப் பையன். டன்னில் விற்று வாட்டில் ஒப்புக்கொள்வது என்ன நியாயம்? லேபிளைப் படிக்காமல் வாங்கியது என் தப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எரிச்சல் தாங்காமல் ஒரு மதியம் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஈபி மீட்டர் முன்னால் நின்றேன். சிவப்பு விளக்கு 3,200 முறை மின்னினால் ஒரு யூனிட் என்று மீட்டரிலேயே எழுதியிருக்கும். ஏசியை மட்டும் ஆன் செய்தவுடன் நிமிடத்துக்கு 80 மின்னல். கணக்குப் போட்டால் ஒன்றரை கிலோவாட், இரண்டு குதிரை. அறை குளிர்ந்தபின் 18 மின்னல், அதாவது 340 வாட், அரைக் குதிரைக்கும் குறைவு. பக்கத்து வீட்டுப் பாட்டி "ஏம்ப்பா, மீட்டர் ஏதும் கெட்டுப்போச்சா?" என்று கேட்டது தனிக் கதை. லேபிளில் இருக்கும் 4,900 வாட்டை நம்பினால் இரண்டு குதிரைத் தீனிக்கு ஆறரைக் குதிரை வேலை. இதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கோடையில் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டாமல் காப்பாற்றுவதே இந்த 18 மின்னல்தான்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு: பின்னால் சொட்டும் தண்ணீர். புழுக்கமான ஒரு ஆகஸ்ட் மாலை குழாயடியில் லிட்டர் பாட்டிலை வைத்தேன். ஒரு மணி நேரத்தில் கழுத்து வரை வந்துவிட்டது. மணிக்கு ஒரு லிட்டர் ஆவியைத் தண்ணீராக்க 680 வாட் போகிறது, ஏறக்குறைய ஒரு குதிரை. ஆறரையில் ஒன்று குளிர வைக்கவே இல்லை, காற்றைப் பிழிந்துகொண்டிருக்கிறது! சென்னையில் தூக்கம் வருவதே அந்தப் பிழிசலால்தான் என்பது அன்றுதான் உறைத்தது. அம்மா அந்தத் தண்ணீரில் வீடு துடைக்கிறார்.

ஆறு வருடம், ஒரே ஒரு ரிப்பேர், அதுவும் பல்லி செய்த வேலை. நியாயமாகப் பார்த்தால் நல்ல இயந்திரம். ஆனாலும் யாராவது இதே மாடலை வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இன்னும் அந்த எட்டாயிரத்து ஐந்நூறு ஆறவில்லை. இரண்டு டன் போடப்போவதும் இல்லை. அந்தக் காசுக்கு மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சு அடிக்க ஆள் சொல்லிவிட்டேன்.

தம்பிக்கு அனுப்பிய செய்தி இவ்வளவுதான்: "பத்துக்குப் பத்து ரூம்தானே, 1 ஹெச்பி போதும். பெட்டி மேல எழுதியிருக்கிற குதிரையைப் பார்க்காத. லேபிளில் கூலிங் எத்தனை கிலோவாட்னு பாரு, 2.6-க்குக் குறைஞ்சா எடுக்காத." பதிலுக்கு அவன் அனுப்பியது ஒரு குதிரைப் படம்.