கத்தரிப்பூ கலரில் பன்னிரண்டு செட்: பாளையங்கோட்டையில் ஒரு ஜெர்சிக் கடை

பாளையங்கோட்டை மார்க்கெட்டைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனால் இந்தக் கடை. பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணாச்சி கேட்டுக்கொண்டார், ஏன் என்பது படிக்கும்போது தெரியும். நான் ஒரு அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியார். சாயங்காலம் ஊர்ப் பையன்களின் கபடி டீமுக்கும் பயிற்சி கொடுக்கிறேன். அந்த டீமுக்குத்தான் இங்கே பன்னிரண்டு செட் தைத்தோம்.

முதலில் துணி. திருப்பூரிலிருந்து வரும் டாட் நிட் (புள்ளி புள்ளியாகப் பின்னிய பாலியஸ்டர்), 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம். கபடிக்கு அதற்குக் கீழே போகவே கூடாது. உடையைப் பிடித்து இழுப்பது ஃபவுல் என்று விதி இருக்கிறது. ஆனாலும் ரைடரை மடக்கப் போகிறவன் கையில் முதலில் சிக்குவது பனியன்தான். அக்குள் பக்கம் டபுள் தையல் போட்டுத் தருகிறார்கள். நம்பர் சப்ளிமேஷன் பிரிண்ட், சாயத்தைச் சூட்டில் துணிக்குள்ளேயே ஏற்றுவது என்பதால் உரியாது. இதற்கு முன்னால் வேறு இடத்தில் வாங்கிய செட்டில் ஸ்டிக்கர் நம்பர். நாலு துவைப்பில் 8 பாதி உரிந்து 3 ஆகிவிட்டது, ஸ்கோர் எழுதுகிறவரோடு ஒரே சண்டை. பனியனும் ஷார்ட்ஸும் சேர்த்து செட் 420 ரூபாய். டவுனில் இதைவிடக் குறைவாகவும் தைக்கிறார்கள், ஆனால் துணி வலை மாதிரி இருக்கும்.

சரி, கலருக்கு வருவோம். வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. எங்கள் பக்கத்தில் எந்த இரண்டு கலர் சேர்ந்தால் யாருடையது என்று எட்டாம் வகுப்புப் பையனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். கொடிக்கம்பம், ஃப்ளெக்ஸ், பைக் நம்பர் பிளேட்டின் ஓரம், கையில் கட்டும் கயிறு எல்லாம் அந்தக் கணக்குதான். 2019-இல் பள்ளிக் கல்வித் துறை இந்தக் கயிறுகளைப் பற்றிச் சுற்றறிக்கையே அனுப்பியது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கொரு கலரில் பையன்கள் கட்டுவதையும், விளையாட்டு டீமுக்கு ஆள் எடுப்பதிலிருந்து மதிய இடைவேளையில் யாரோடு யார் உட்காருவது வரை அதை வைத்தே நடப்பதாகச் சொல்லப்படுவதையும் அதில் எழுதியிருந்தார்கள். என் வேலையைப் பற்றி யாரோ பக்கத்தில் நின்று பார்த்து எழுதியது போலிருந்தது.

எங்கள் டீமில் இரண்டு தெருப் பையன்களும் உண்டு. வாட்ஸாப் குரூப்பில் கலர் கேட்டேன். ஒருவன் ஒரு கலரைப் போட்டான். அப்புறம் ஒரு நாள் முழுக்க யாரும் வாய் திறக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால், "அது அவங்க கலர் சார், நாங்க எப்படிப் போடுறது?"

கடையில் அண்ணாச்சி கலர் கார்டை விரித்துவிட்டு, "பயலுவ எல்லாம் ஒரே தெருவா சார்?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி, ரெண்டு தெருவும்."

"அப்ப இந்தப் பக்கம் பாக்காதிய" என்று கார்டில் பாதியை மடித்து உள்ளே தள்ளினார். நான் நீலத்தில் விரலை வைத்தேன். "அதுக்கும் ஆளு இருக்கு சார்." கடைசியில் மிஞ்சியது கத்தரிப்பூவும் சாம்பலும். பையன்களுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் ஒருவன்கூட வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

கல்லாவுக்கு மேலே ஒரு அட்டை தொங்குகிறது: தலைவர்கள் படம், சாதிப் பெயர், பட்டப் பெயர் அச்சடிப்பதில்லை. முன்பெல்லாம் அடித்திருக்கிறார், அதை அவரே மறைக்காமல் சொல்கிறார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனையும் அவன் தங்கையையும், கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டிய பிறகு நிறுத்திவிட்டார். அந்தச் சம்பவத்தை ஒட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. கலர் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று சாதியைக் காட்டும் எதையும் பள்ளியில் அனுமதிக்கக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. ஜெர்சிக் கடையை யாரும் எதுவும் கேட்கவில்லை. இவராக எழுதி மாட்டியதுதான் அந்த அட்டை. "1997 சாதிக் கலவரத்துக்கு அப்புறம் பஸ்ஸுல இருந்த தலைவருங்க பேரையே கவர்மெண்ட் அழிச்சிட்டு. பனியன்ல எதுக்கு சார்?" என்கிறார். குருபூஜை சீசன் ஆர்டர் எல்லாம் அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டதாம். சிலர் வந்து முறைத்துவிட்டும் போயிருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான்.

நாங்கள் அளவு கொடுக்கப் போனபோது எங்கள் கார்னர் பையன் முதுகில் "வம்சம்" என்று போட வேண்டும் என்றான். அண்ணாச்சி நாடாவைக் கழுத்தில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு, "எந்த வம்சம்ல? கபடி வம்சமா?" என்றார். பையன் சிரித்துவிட்டான். நம்பரோடு முடிந்தது. இதையே நான் வகுப்பில் சொல்லியிருந்தால் பிரச்சினை ஹெட்மாஸ்டர் அறைக்குப் போயிருக்கும்.

ஆனால் ஆளில்லாத கலர் என்று எடுத்தோமே, அது ரொம்ப நாள் ஆளில்லாமல் இருக்கவில்லை. முதல் போட்டியிலேயே எதிர் டீம் "கத்தரிக்கா, கத்தரிக்கா" என்று கத்தினார்கள். அடுத்த போட்டிக்குள் எங்கள் பயல்கள் அதையே பட்டமாக எடுத்துக்கொண்டார்கள், குரூப் பெயரும் "கத்தரிக்கா பாய்ஸ்" ஆனது. பக்கத்து ஊர் ஆரஞ்சு டீமோடு பைக் நிறுத்தும் இடத்துக்காகத் தள்ளுமுள்ளு வந்தபோது இரண்டு தெருப் பையன்களும் தோளோடு தோள் நின்றார்கள். சந்தோஷப்படுவதா திட்டுவதா என்று எனக்கே விளங்கவில்லை. திட்டத்தான் செய்தேன்.

பயிற்சிக் கல்லூரியில் முசாஃபர் ஷெரிஃப் என்று ஒருவரைப் படித்தது நினைவுக்கு வந்தது. 1954-இல் அமெரிக்காவில் ஓக்லஹோமாவில், ஒரே மாதிரிக் குடும்பத்துப் பையன்கள் 22 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்துக் கோடை முகாமில் வைத்தார். பையன்களே பெயரும் கொடியும் வைத்துக்கொண்டார்கள். போட்டி ஆரம்பித்ததும் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தின் கொடியை எரிக்கிற அளவுக்குப் போனது. சேர்ந்து சாப்பிட வைத்தும் சரிவரவில்லை. தண்ணீர் வராமல் போய் இரண்டு கூட்டமும் சேர்ந்து தொட்டியைச் சரிபார்ப்பது போன்ற வேலைகள் வந்தபோதுதான் மெல்ல இளகினார்கள். எங்கள் ஊரில் நிலைமை அங்கே இருந்ததைவிடக் கஷ்டம். முகாம் முடிந்தால் அந்தப் பையன்கள் வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே வீட்டுக்குப் போனால்தான் பிரச்சினையே. ஆனி, ஆடியில் கோயில் கொடை வந்தால் குரூப் ஊமையாகிவிடும், பயிற்சிக்குப் பாதிப் பேர் வர மாட்டார்கள். ஜெர்சி அப்போது பீரோவில்தான். மழையில் கரைந்த களத்துக்கு டிராக்டரில் மண் வந்த அன்று மட்டும் கூப்பிடாமலேயே எல்லோரும் மண்வெட்டியோடு நின்றார்கள்.

அதனால் கலர் மாற்றினால் ஊர் மாறிவிடும் என்று யாரும் இந்தக் கடைக்குப் போக வேண்டாம். இரண்டு தெருப் பையன்களும் முகம் சுளிக்காமல் போடுகிற ஒரு சட்டை கிடைக்கும். அது எங்கள் பக்கத்தில் சும்மா கிடைத்துவிடாது.

குறைகள்: டபுள் எக்ஸ்எல் அளவு நிஜத்தில் எக்ஸ்எல்தான், கனத்த பையனை நேரில் கூட்டிப்போய் அளவெடுங்கள். இரண்டு ஷார்ட்ஸில் எலாஸ்டிக் தொய்ந்துவிட்டது. எடுத்துப் போனதும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். ஜிபே உண்டு, பாதிப் பணம் அட்வான்ஸ். பொங்கல் போட்டிக்கு வேண்டுமென்றால் கார்த்திகையிலேயே சொல்லிவிடுங்கள், மார்கழியில் போனால் கடையில் நிற்கக்கூட இடம் இருக்காது. கத்தரிப்பூ கலரைக் கேட்காதீர்கள், அது எங்களுடையது.